கோம்பாக் மாவட்டத்துல வீடு பாக்குறீங்களா: பத்துமலையா, ரவாங்கா, மெலாவத்தியா?

வேலை கேஎல்ல, அதாவது கோலாலம்பூர்ல, ஆனா கேஎல்லுக்குள்ள வீடு வாங்குற அளவுக்குக் கையில காசு இல்ல, சரி எல்லைக்கு அந்தாண்ட எங்கயாவது பாப்போம்னு கிளம்புறவங்க நம்ம ஆளுங்கள்ல ரொம்பப் பேரு. ஈப்போ, தைப்பிங், சுங்கை பட்டாணி பக்கத்துலருந்து வேலைக்கு வந்து, கொஞ்ச வருஷம் ரூம் வாடகைல இருந்து, கல்யாணம் ஆகி பிள்ளை வந்ததும் "அண்ணே, கோம்பாக் பக்கம் எப்படி, வாங்கலாமா?"ன்னு கேப்பாங்க. நான் இந்த மாவட்டத்துலயே இருக்குறவன், அதனால என்கிட்ட கேக்குறாங்க. ஒரே வார்த்தைல பதில் சொல்ல முடியாத கேள்வி அது, ஏன்னா கோம்பாக்னு ஒரே பேரு இருந்தாலும் உள்ள நாலு தனித்தனி ஊரு மாதிரி, ஒண்ணுல இருக்குறவனுக்கு இன்னொண்ணு எப்படி இருக்குன்னே தெரியாது.

வரைபடத்தை எடுத்து ஒரு தடவ பாருங்க. 1974 பிப்ரவரி 1ல கோலாலம்பூரை சிலாங்கூர்லருந்து பிரிச்சு கூட்டரசு பிரதேசம் ஆக்கினப்போதான் இந்த மாவட்டமும் உருவாச்சு, அதனால இது கேஎல்லோட வடக்குலயும் வடகிழக்குலயும் வளைஞ்சு கிடக்கும். ரவாங், பத்து, செத்தாப்பாக், உலு கிள்ளான்னு நாலு முக்கிம், அதாவது மாவட்டத்துக்குள்ள உள்ள உட்பிரிவு. மாவட்ட ஆபிஸ் பண்டார் பாரு செலாயாங்ல. நகராட்சிலயும் ரெண்டு பேரு, பெரும்பகுதி செலாயாங் நகராண்மைக் கழகம், உலு கிள்ளான் பக்கம் அம்பாங் ஜெயா. ரவாங்ல இருக்குறவரு மெலாவத்திக்குப் போகணும்னா நடுவுல மலை, சுத்திப் போற எம்ஆர்ஆர்2 ரோடு, இல்லன்னா கேஎல்லுக்குள்ள பூந்து வரணும். அதனால "கோம்பாக்ல வாங்குறேன்"னு சொன்னா பத்தாது, எந்த ரோட்டுல எந்த ரயிலுக்குப் பக்கத்துல வாங்குறீங்கங்குறதுதான் விஷயம். நான் சொல்ல வர்றது முழுக்க இதுதான்: வீட்டு விலையைப் பாத்து ஊரை முடிவு பண்ணாதீங்க, தினமும் போய் வர்ற வழியையும் வீடு உக்காந்திருக்குற மண்ணையும் பாத்து முடிவு பண்ணுங்க.

அதுக்கு முன்னாடி கோம்பாக் வேணுமா வேணாமான்னே ஒரு கேள்வி இருக்குல்ல, அதைச் சீக்கிரம் முடிச்சிடுவோம். கேஎல்லை ஒட்டி மேற்குல பெட்டாலிங் மாவட்டம், பெட்டாலிங் ஜெயா, சுபாங் ஜெயா, ஷா ஆலாம்ல ஒரு பகுதி எல்லாம் அதுல வருது, 2020 கணக்குப்படி சுமார் 23 லட்சம் பேரு, நாட்டுலயே அதிக ஜனம் உள்ள மாவட்டம் அதுதான். எல்ஆர்டி, எம்ஆர்டின்னு நகர ரயிலுங்க, ஆஸ்பத்திரி, காலேஜ், கம்பெனி எல்லாமே அங்க, விலையும் அதுக்கேத்த மாதிரிதான். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் வேலை பிஜே, சுபாங் பக்கம்னா கோம்பாக்ல வீடு மலிவா கிடைக்குதுன்னு இங்க வராதீங்க, மிச்சம் பண்ணின காசு டோல்லயும் பெட்ரோல்லயும் கரைஞ்சிடும், பிள்ளை முகத்தையும் ராத்திரிதான் பாப்பீங்க. தென்கிழக்குல உலு லங்காட், சுமார் 14 லட்சம் பேரு, காஜாங் வரைக்கும் 2017லயே எம்ஆர்டி வந்தாச்சு, அதே ஸ்டேஷன்ல கேடிஎம் ரயிலும் இருக்கு, செமினி பக்கம் புதுசு புதுசா தாமான் (குடியிருப்பு) போட்டுக்கிட்டே இருக்காங்க. வேலை பாங்கி, புத்ராஜெயா, சைபர்ஜெயா, செராஸ்னா அங்கதான் போகணும். கோம்பாக்ல சுமார் 9 லட்சத்து 40 ஆயிரம் பேருதான். செந்தூல், ஜாலான் ஈப்போ, கெப்போங், வங்சா மாஜு, கேஎல்சிசி, செலாயாங் ஆஸ்பத்திரி, கோலாலம்பூர் பெரியாஸ்பத்திரி, இந்த மாதிரி இடத்துல வேலை பாக்குறவங்களுக்கு இது பொருந்தும்.

இன்னொரு காரணம் இருக்கு, அதை ஏஜென்ட் யாரும் சொல்றதில்ல. வடக்கு மாநிலத்து ஆளுங்களுக்கு தீபாவளி, தைப்பூசம், கல்யாணம், கருமாதின்னு ஊருக்குப் போறது வருஷத்துக்கு எத்தனையோ தடவ. காஜாங்லயோ பூச்சோங்லயோ இருந்தா முழு கேஎல் ஜாமையும் தாண்டி வந்துதான் வடக்கு ஹைவேல ஏறணும். ரவாங்ல இருக்குறவரு அப்படியே பிளஸ் ஹைவேல ஏறிடுவாரு. வயசான அப்பா அம்மா ஊருல இருக்காங்கன்னா, ராத்திரில ஒரு போன் வந்தா எவ்வளவு சீக்கிரம் கிளம்பிப் போக முடியும்ங்குறது சின்ன விஷயமே இல்ல.

சரி, இப்ப உள்ள வருவோம்.

பத்துமலை, செலாயாங் பக்கம். என் கணக்குல முதல் இடம் இதுதான், சாமிக்குப் பக்கத்துல இருக்கலாம்ங்குறதுக்காக மட்டும் சொல்லல, ரயிலுக்காகச் சொல்றேன். கேஎல் நடுவுலருந்து சுமார் 13 கிலோமீட்டர்தான். 2010ல கேடிஎம் கொம்யூட்டர் பத்துமலை வரைக்கும் வந்துச்சு, ஸ்டேஷனை விட்டு இறங்கினா கோயில் வாசல். தாமான் வாயு, கம்போங் பத்து, செந்தூல், புத்ரா, பேங்க் நெகாரான்னு போய் கேஎல் சென்ட்ரல், அதுக்கு அப்புறம் மிட்வேலி. அப்புறம் புத்ராஜெயா லைன் எம்ஆர்டி 2022ல கம்போங் பத்து வரைக்கும், 2023 மார்ச்ல மீதியும் திறந்தாங்க, அதுதான் இந்தப் பக்கத்தையே மாத்திடுச்சு. பத்துமலைல ஏறி ரெண்டாவது ஸ்டேஷன் கம்போங் பத்துல இறங்கி எம்ஆர்டி மாறினா தித்திவங்சா, பெரியாஸ்பத்திரி, அம்பாங் பார்க், கேஎல்சிசி பக்கம், டிஆர்எக்ஸ் எல்லாம் ஒரே லைன்ல. முன்னாடி இதுக்கு எவ்வளவு சுத்தணும்னு பழைய ஆளுங்களுக்குத் தெரியும்.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை நாள்ல காலைல ஆறரை வாக்குல பத்துமலை ஸ்டேஷன்ல போய் நில்லுங்க. நர்ஸ் யூனிஃபார்ம் போட்ட பிள்ளைங்க, செக்யூரிட்டி சட்டைல அண்ணனுங்க, டிஃபன் பையும் ஆபிஸ் பையும் சேத்துத் தோள்ல மாட்டின அக்காங்க, பொம்பளைங்களுக்குன்னு தனியா இருக்குற கோச் நிக்குற இடத்துல ஏற்கனவே ஒரு வரிசை. இந்த ஸ்டேஷன்தான் லைனோட தொடக்கம், அதனால உக்காந்து போகலாம், செந்தூல்ல ஏறுறவங்க நின்னுக்கிட்டுத்தான் வருவாங்க. தினமும் போக வர உக்காந்து போறதும் நின்னு போறதும் உடம்புக்கு எவ்வளவு வித்தியாசம்னு கொஞ்ச நாள்ல தெரிஞ்சிடும். குறையும் சொல்லணும், கேடிஎம் எம்ஆர்டி மாதிரி அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு வராது, ஒண்ணை விட்டா அடுத்ததுக்கு அரை மணி நேரமோ அதுக்கு மேலயோ காத்திருக்கணும், தண்டவாள வேலை நடந்தா இன்னும் லேட் ஆகும், அதனால டைம்டேபிள் பாத்து வீட்டை விட்டுக் கிளம்புற பழக்கம் இருக்குறவங்களுக்குத்தான் இது சரிப்படும். மை50 பாஸ் மாசம் 50 வெள்ளிக்கு எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், ரேபிட் பஸ் எல்லாம் ஏறலாம், ஆனா கேடிஎம் அதுல சேராது, ரெண்டு செலவும் சேத்துத்தான் கணக்குப் போடணும்.

செலாயாங்ல ரயில் இல்ல, அதைத் தெளிவா மனசுல வச்சுக்கோங்க. செலாயாங் ஆஸ்பத்திரில வேலைன்னா தங்கமான இடம். ஆனா கேஎல்லுக்குள்ள போகணும்னா ஜாலான் ஈப்போ, ஜாலான் கூச்சிங் ரெண்டுல ஒண்ணுதான், ரெண்டுமே காலைல நகராது. மோட்டார் ஓட்டுறவங்க சமாளிச்சுடுவாங்க, காடி ஓட்டுறவங்க பத்துமலை ஸ்டேஷன்லயோ கெப்போங் பக்கத்து எம்ஆர்டி ஸ்டேஷன்லயோ விட்டுட்டு ஏறுறது நல்லது.

தைப்பூசத்தைப் பத்திச் சொல்லாம பத்துமலையைப் பத்திப் பேச முடியாது. கேஎல் மகாமாரியம்மன் கோயில்லருந்து ரதம் வர்றதுலருந்து திரும்பிப் போற வரைக்கும் ரோடு அடைப்பு, எம்ஆர்ஆர்2 ஸ்தம்பிச்சிடும், வீட்டு வாசல்ல யாரோட காடியோ நிக்கும். அந்த நாலஞ்சு நாளைக்கு வேண்டிய சாமானை முன்னாடியே வாங்கி வச்சிடுவோம், ரயில் ராத்திரி முழுக்க ஓடும், ஊருலருந்து சொந்தக்காரங்க வந்து வீட்டுல படுத்துக்கிடப்பாங்க. என்னைக் கேட்டா அது தொந்தரவே இல்ல, பிள்ளைங்க காவடியும் மேளமும் கேட்டு வளர்றது எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனா சத்தமும் கூட்டமும் ஒத்துக்காதவங்க, கோயிலுக்கு நடந்து போற தூரத்துல வாங்காம ரெண்டு மூணு கிலோமீட்டர் தள்ளி வாங்குறது நல்லது. தமிழ்ப்பள்ளிக்கு அலைய வேண்டியதில்ல, பத்துமலைலயே இருக்கு. வாழையிலைச் சாப்பாடு, பூக்கடை, மளிகை எல்லாம் கைக்கெட்டுற தூரம்.

இந்தப் பக்கத்துல எனக்குப் பயம் தர்ற விஷயம் ரெண்டு. ஒண்ணு, தொழிற்சாலைப் பகுதியும் வீடுங்களும் கலந்தே கிடக்கு, லாரி போற ரோட்டுல பிள்ளைங்களை சைக்கிள் விட முடியாது, தூசி வேற. ரெண்டு, பழைய அடுக்குமாடி. விலை கம்மியா இருக்கே, ஸ்டேஷன் பக்கமா இருக்கேன்னு ஃப்ளாட் வாங்குறவங்க வீட்டுக்குள்ள டைல்ஸ் எப்படி, கிச்சன் கேபினட் எப்படின்னு பாப்பாங்க, கீழ நோட்டீஸ் போர்டை பாக்க மாட்டாங்க. அங்கதான் மெயின்டெனன்ஸ் கட்டாத வீட்டு நம்பரை ஒட்டி வைப்பாங்க. அந்த லிஸ்ட் நீளமா இருந்தா அந்தக் கட்டடத்துல லிஃப்ட் ரிப்பேர் ஆனா சரி பண்ண காசு இருக்காதுன்னு அர்த்தம். மேல் மாடில வயசான அம்மாவோட இருக்கப் போறீங்கன்னா இந்த ஒரு காகிதம் போதும் முடிவு பண்ண. லிஃப்ட்ல ஏறி இறங்கிப் பாருங்க, படிக்கட்டுப் பக்கம் சுவர்ல தண்ணி ஊறின கறை இருக்கான்னு பாருங்க, அங்க குடியிருக்குற யாராவது ஒரு அக்காகிட்ட "தண்ணி ஒழுங்கா வருதாக்கா?"ன்னு கேளுங்க, ஏஜென்ட் சொல்லாததெல்லாம் அவங்க சொல்லிடுவாங்க. ஆத்தோரத் தாழ்வான இடம்னா மழை வெள்ளத்தையும் சேத்தே விசாரிங்க.

அடுத்து ரவாங். தரை வீடு வேணும், வாசல்ல துளசி வைக்கணும், பின்னாடி முருங்கை வைக்கணும்னு ஆசைப்படுறவங்க பெரும்பாலும் இங்கதான் வந்து நிப்பாங்க, ஏன்னா அதே விலைக்குக் கேஎல் பக்கத்துல அடுக்குமாடிதான் கிடைக்கும், இங்க ரெண்டு மாடி டெரஸ் வீடு கிடைக்கும். கேஎல்லருந்து வடக்க சுமார் 30 கிலோமீட்டர். பண்டார் கன்ட்ரி ஹோம்ஸ் மாதிரி பழைய பெரிய தாமானும் இருக்கு, தாசேக் புத்ரி பக்கம் இன்னும் உள்ள தள்ளியும் இருக்கு. ரவாங் நம்ம ஆளுங்களுக்குப் புது ஊரு இல்ல, 1894ல ஈயச் சுரங்கத்துத் தண்ணிய இறைக்க இந்த நாட்டுலயே முதல் முதலா மின்சாரம் ஓடினது இங்கதான், அதைக் கொண்டு வந்தவங்க லோக் இயூவும் தம்புசாமி பிள்ளையும். பத்துமலைக் கோயிலுக்கு அடி போட்ட அதே தம்புசாமி பிள்ளைதான். தமிழ்ப்பள்ளி, கோயில், நம்ம கடைங்க எல்லாம் ரவாங் டவுன்ல பல தலைமுறையா இருக்கு.

ஆனா தூரத்தை லேசா எடுத்துக்காதீங்க. ரவாங்ல கேடிஎம் ஸ்டேஷன் இருக்கு, தஞ்சோங் மாலிம்லருந்து கிள்ளான் துறைமுகம் போற லைன், குவாங், சுங்கை பூலோ, கெப்போங் சென்ட்ரல் வழியா கேஎல் சென்ட்ரல். முக்கா மணி நேரத்துக்கு மேல ஆகும், சுங்கை பூலோல இறங்கி எம்ஆர்டியும் மாறலாம். பிரச்சனை ரயில்ல இல்ல, வீட்டுலருந்து ஸ்டேஷனுக்குப் போறதுலதான். தாமான் டவுன்லருந்து தள்ளி இருந்தா காலைல டவுன் ஜாமைத் தாண்டி ஸ்டேஷன் வந்து, பார்க்கிங் தேடி, அப்புறம் ரயில். ரோட்டுல போறவங்களுக்கு பிளஸ் ஹைவே இருக்கு, லாத்தார் ஹைவே இருக்கு, எல்லாம் டோல். டோல் இல்லாம போகணும்னா பழைய கூட்டரசு ரோடு, டெம்ப்ளர் பார்க் வழியா செலாயாங் வந்து, அங்க ஏற்கனவே நிக்குற ஜாம்ல நீங்களும் சேந்துக்கணும். 2017 நவம்பர்ல ரவாங் பைபாஸ் திறந்தாங்க, கான்சிங் காட்டு மேல உயரத் தூண் வச்சுக் கட்டின பாலம், வடக்குலருந்து வர்ற காடிங்க டவுனுக்குள்ள வராம போகுது, டவுன் நெரிசல் நல்லாவே குறைஞ்சுது. ஆனா அந்தப் பைபாஸ்ல வர்ற காடியும் கடைசில செலாயாங் பக்கம்தான் வந்து இறங்குது.

அதனால ரவாங் யாருக்கு? வீட்டுலருந்தே வேலை செய்றவங்க, ஷிஃப்ட் வேலைல ஜாம் இல்லாத நேரம் போய் வர்றவங்க, சுங்கை பூலோலயோ, சுங்கை சோ பெரோடுவா தொழிற்சாலைலயோ, செரெண்டா பக்கத்துக் கம்பெனிங்கள்லயோ வேலைல இருக்குறவங்க. அவங்களுக்கு ரவாங்கை விட நல்ல இடம் இல்லன்னே சொல்லுவேன். காலைல எட்டரைக்கு கேஎல்சிசில இருக்கணும்ங்குற ரெண்டு பேரு உள்ள குடும்பம்னா, பிள்ளையை அஞ்சே முக்காலுக்கு எழுப்பி ஆயா வீட்டுல விட்டு ராத்திரி ஏழரைக்குத் தூக்கிட்டு வர்ற வாழ்க்கைக்குத் தயாரான்னு ரெண்டு பேரும் உக்காந்து பேசுங்க. பெரிய ஹால் இருந்து அதுல உக்கார நேரம் இல்லன்னா என்ன பண்றது.

தண்ணி விஷயமும் சொல்லிடுறேன். 2020 செப்டம்பர்ல ரவாங் சுங்கை கோங் ஆத்துல தொழிற்சாலைக் கழிவு கலந்து, கிள்ளான் பள்ளத்தாக்குல பத்து லட்சத்துக்கு மேல வீடுங்களுக்குத் தண்ணி நின்னுச்சு. அது ரவாங்குக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்ல, கேஎல், பிஜே எல்லாருக்கும் வந்துச்சு, ஆனா எந்த வீடு வாங்கினாலும் தண்ணித் தொட்டி எவ்வளவு பெருசுன்னு கேக்குற பழக்கம் எனக்கு அப்போலருந்துதான். தரை வீட்டுல இன்னொரு தொட்டி வைக்க இடம் இருக்கும், ஃப்ளாட்டுல வாளிதான், அந்த ஒரு விஷயத்துல ரவாங் ஜெயிக்குது. ரவாங்கைத் தாண்டி பத்து ஆராங் பக்கமும் மலிவா நிலம் கிடைக்குதுன்னு சொல்லுவாங்க. 1915லருந்து 1960 வரைக்கும் நிலக்கரி வெட்டின ஊரு, நம்ம தாத்தாமாரு எத்தனையோ பேரு அந்தச் சுரங்கத்துல வேலை செஞ்சிருக்காங்க, 1937ல பெரிய ஸ்ட்ரைக்கும் நடந்துச்சு. மண்ணுக்குக் கீழ பழைய சுரங்கப்பாதை இருக்குற ஊரு அது, கட்ட அனுமதி கிடைக்குமான்னு மாவட்ட ஆபிஸ்ல கேக்காம அட்வான்ஸ் குடுத்துடாதீங்க.

மூணாவது மெலாவத்தி, உலு கிள்ளான், புக்கிட் அந்தாராபங்சா பக்கம். அழகுன்னா இதுதான் அழகு, காலைல ஜன்னலைத் திறந்தா புக்கிட் தாபூர் முதுகு தெரியும், 14 கிலோமீட்டருக்கு மேல நீண்டு கிடக்குற குவார்ட்ஸ் பாறை, அடியில கிள்ளான் கேட்ஸ் அணை, பக்கத்துலயே நெகாரா மிருகக்காட்சி சாலை. டியூக் ஹைவே, எம்ஆர்ஆர்2, அம்பாங்லருந்து கேஎல்சிசிக்கு நேரா போற உயர் ரோடு எல்லாம் கிட்ட. மெலாவத்திக்குள்ள ரயில் இல்ல, வங்சா மாஜு இல்லன்னா ஸ்ரீ ராம்பாய் எல்ஆர்டிக்கு காடிலயோ மோட்டார்லயோ வரணும், ஆனா வந்துட்டா எல்ஆர்டி கொஞ்ச நிமிஷத்துக்கு ஒண்ணு, மை50 பாஸ்லயே கேஎல்சிசி போயிடலாம். தாமான் மெலாவத்திலயும் தமிழ்ப்பள்ளி இருக்கு. விலை இந்த மாவட்டத்துலயே மேல்தட்டு.

இங்கதான் மண்ணைப் பத்திப் பேசணும், கொஞ்சம் நேரம் எடுத்துப் பேசணும். 1993 டிசம்பர் 11, ஹைலண்ட் டவர்ஸ்ல ஒரு பிளாக் அப்படியே சாஞ்சு 48 பேரு செத்தாங்க. மேல மலைச்சரிவுல மழைத்தண்ணிக்கு ஒழுங்கான வடிகால் இல்லாம, மண் இளகி, தடுப்புச் சுவர் சரிஞ்சு, கட்டடத்து அடித்தளத்தையே தள்ளிடுச்சு. 2002 நவம்பர்ல தாமான் ஹில்வியூல மண் சரிஞ்சு ஒரு வீட்டை மூடி எட்டு உயிர் போச்சு. 2008 டிசம்பர் 6 விடியக்காலைல புக்கிட் அந்தாராபங்சால திரும்பவும், வீடுங்க புதைஞ்சு உயிர் போச்சு, ஆயிரக்கணக்கான பேரு வெளிய வர வழியில்லாம மாட்டிக்கிட்டாங்க. மூணும் நவம்பர் டிசம்பர்தான், அடைமழை மாசம். மூணும் ஒரே சின்ன வட்டத்துக்குள்ள நடந்தது. அதுக்கு அப்புறம் சட்டமும் கண்காணிப்பும் இறுகிடுச்சுன்னு சொல்லுவாங்க, இறுகினதும் உண்மைதான், ஆனா சுவரைக் கட்டினவரு ஒருத்தரு, அதுக்கு மேல உள்ள நிலம் வேற ஒருத்தரோடது, வடிகாலைச் சுத்தம் பண்ண வேண்டியது இன்னொருத்தரு, இப்படிப் பொறுப்பு பிரிஞ்சு கிடக்குற சரிவுல குடும்பத்தோட போய் உக்கார எனக்கு மனசு வராது.

அதுக்காக மெலாவத்தியே வேணாம்னு சொல்லல. மெலாவத்தியோட சமதளத்துல உள்ள தெருக்கள் நல்லாத்தான் இருக்கு. சரிவுல உள்ள வீட்டைப் பாக்கப் போறீங்கன்னா வெயில் நாள்ல போகாதீங்க, நல்ல மழை பெஞ்ச மறுநாள் போங்க. வீட்டுக்குப் பின்னாடி தடுப்புச் சுவர் இருந்தா அதுல சின்னச் சின்னக் குழாய் வாய் வரிசையா இருக்கும், மழைக்கு அப்புறம் அதுல தண்ணி சொட்டணும், அப்பதான் சுவருக்குப் பின்னாடி தண்ணி தேங்கலன்னு அர்த்தம். எல்லா வாயும் மண்ணு அடைச்சு காஞ்சு கிடந்தா, இல்லன்னா குழாய்ல வராம சுவர் விரிசல்ல தண்ணி கசிஞ்சா, கலங்கலா மண்ணோட வந்தா, பேசாம திரும்பி வந்துடுங்க. மேல சரிவுல எங்கயாவது நீல கேன்வாஸ் விரிச்சு வச்சிருக்காங்களான்னு பாருங்க, அது ஏற்கனவே மண்ணு நகந்த இடத்தை மூடி வச்சது. சாஞ்ச மரம், ரோட்டு ஓரத்துல பிறை மாதிரி வளைஞ்ச விரிசல், கதவு சட்டத்துல மாட்டிக்கிட்டு மூடாம இருக்குறது, இதெல்லாம் சின்னக் குறைன்னு ஏஜென்ட் சொல்லுவாரு, பெயின்ட் அடிச்சா போயிடும்னுவாரு. விலை எவ்வளவு குறைச்சாலும் வேணாம்.

கடைசியா கோம்பாக் ரோடு, அதாவது கோம்பாக் எல்ஆர்டிலருந்து இஸ்லாமியப் பல்கலைக்கழகம், காராக் ஹைவே பக்கம். கேஎல் எல்லையை ஒட்டின முனைல எல்ஆர்டி தொடங்குது, 1999லருந்து ஓடுது, இங்கயும் தொடக்க ஸ்டேஷன், உக்காந்து போகலாம். பகாங், கிளந்தான் பக்கத்து ஆளுங்களுக்கு காராக் ஹைவே வாசல்லயே இருக்கு, கோத்தா பாருலருந்து வர்ற ஈசிஆர்எல் ரயிலும் இங்க வந்து நிக்குற மாதிரிதான் கட்டுறாங்க. 2023ல திறந்த செத்தியாவங்சா பந்தாய் ஹைவேயும் பக்கம். ஆனா ரயில் வரப்போகுதுன்னு இப்பவே விலையை ஏத்திச் சொல்றவங்ககிட்ட, இன்னைக்கு அந்த வீட்டுலருந்து வேலைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகுதோ அதுக்கு மட்டும் விலை பேசுங்க. உலு கோம்பாக் பக்கம் ஆறும் காடுமா மனசை இழுக்கும், அங்க மலாய் ரிசர்வ் நிலம் நிறைய, அது நம்ம பேருக்கு மாறாது, யாரு என்ன கதை சொன்னாலும் மாறாது. பழைய நிலம், மலிவு விலை, "பேப்பர் அப்புறம் பாத்துக்கலாம்"னு சொன்னா அந்த இடத்தை விட்டு நடையைக் கட்டுங்க.

நாலு பக்கத்துக்கும் பொதுவான பேப்பர் விஷயம் கொஞ்சம். நிலம் ஃப்ரீஹோல்டா (நிரந்தர உரிமை) லீஸ்ஹோல்டான்னு (குத்தகை) பாருங்க, லீஸ்ஹோல்ட்னா இன்னும் எத்தனை வருஷம் மிச்சம்னு பாருங்க, 99 வருஷத்துல பாதி ஓடிப்போன பழைய வீட்டுக்கு பேங்க் யோசிக்கும், பேரு மாத்த மாநில அரசு அனுமதியும் வேணும், அதுக்கு மாசக்கணக்குல ஆகலாம். அந்த நேரம் பூரா நீங்க வாடகையும் கட்டிக்கிட்டு இருப்பீங்க, அதைக் கணக்குல சேருங்க. பூமிபுத்ராக்களுக்குன்னு ஒதுக்கின பூமி லாட்டாங்குறதை முதல் போன்லயே கேளுங்க, அப்படின்னா அரசு விடுவிச்சாத்தான் நம்மால வாங்க முடியும். செலவுக்கு ஒரு உதாரணம்: 4 லட்சத்து 50 ஆயிரம் வெள்ளி வீடுன்னா முதல் வீட்டுக்கு பேங்க் 90 விழுக்காடு வரைக்கும் குடுத்தாலும் முன்பணம் 45 ஆயிரம், பேரு மாத்துற முத்திரைத்தாள் முதல் ஒரு லட்சத்துக்கு 1 விழுக்காடு, மீதிக்கு 2 விழுக்காடு, ஆக 8 ஆயிரம், முதல் வீட்டுக்குச் சலுகை இருந்தா இது குறையும், வக்கீல் செலவு தனி. முன்பணத்துக்கு ஈபிஎஃப் சேமநிதிலருந்து எடுக்கலாம், ஆனா முழுசையும் துடைச்சு எடுத்துடாதீங்க, உள்ள போனதும் கிரில், ஃபேன், ஏர்கான்னு காசு ஓடிக்கிட்டே இருக்கும்.

இப்ப ஒரு முடிவுக்கு வரணும்னா நான் இப்படித்தான் சொல்லுவேன். ரெண்டு பேரும் கேஎல் நடுவுல வேலை, சின்னப் பிள்ளை, காடி ஒண்ணுதான்னா பத்துமலை ஸ்டேஷன் பக்கம், மெயின்டெனன்ஸ் ஒழுங்கா நடக்குற அடுக்குமாடி, கொஞ்சம் சின்னதா இருந்தாலும் பரவால்ல. வேலை வடக்குல, இல்ல வீட்டுலருந்தே வேலை, அப்பா அம்மாவும் கூட இருக்காங்கன்னா ரவாங் தரை வீடு, டவுனுக்கும் ஸ்டேஷனுக்கும் பக்கமா. கையில காசு தாராளம், வேலை கேஎல்சிசி, அம்பாங் பக்கம்னா மெலாவத்தி சமதளம் மட்டும். பகாங் பக்கத்து ஆளுங்க, எல்ஆர்டிதான் வேணும்ங்குறவங்க கோம்பாக் ஸ்டேஷன் பக்கம். ரெண்டு பேருக்கும் ரெண்டு திசைல வேலைன்னா இப்ப வாங்கவே வேணாம், எல்ஆர்டி மாறுற இடத்துக்குப் பக்கத்துல வாடகைக்கு இருங்க, வேலை ஒரு நிலைக்கு வந்ததும் பாத்துக்கலாம்.

எதுவா இருந்தாலும் அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி அந்தத் தாமான்ல ஒரு மாசம் ரூம் எடுத்துத் தங்க முடிஞ்சா தங்குங்க, முடியலன்னா ஒரு திங்கக்கிழமை காலைல அங்கருந்து ஆபிஸ் போய் சாயங்காலம் அதே வழில திரும்பி வந்து பாருங்க, கூட வீட்டுக்காரம்மாவையும் கூட்டிட்டுப் போங்க, பாதிப் பயணம் அவங்களோடதுதானே. அப்புறம் உங்க வக்கீல்கிட்ட சொல்லி நிலப்பத்திரத்தைச் சரிபாக்கச் சொல்லுங்க, வித்தவரோட வக்கீல் உங்க வக்கீல் ஆக மாட்டாரு. நில வரி, வீட்டு வரி, தண்ணி பில் மூணும் பாக்கி இல்லன்னு ரசீதைக் கையில வாங்கினதுக்கு அப்புறம் கையெழுத்துப் போடுங்க.